ஊர்ச் சாவடியை இடிக்காமல் புதுப்பிக்க: நமக்கு நாமே திட்டத்தில் பணம் வாங்கும் வழி

எங்கள் ஊர்க் களத்துமேட்டை ஒட்டி ஒரு சாவடி இருக்கிறது. முன்பக்கம் ஆறு கல்தூண், பனங்கை (பனைமரச் சட்டம்) போட்ட கூரை, அதன்மேல் நாட்டு ஓடு, உள்ளே ஊர்ப்பொது நெல்லைக் கொட்டி வைத்த ஓர் இருட்டறை. அறுப்பு நாளில் மூட்டை அடுக்குவார்கள், மற்ற நாளில் பெரியவர்கள் ஆடுபுலி ஆடுவார்கள். ஒரு மழையில் தென்மேற்கு மூலை ஓடு சரிந்தது. அடுத்த வாரமே "இடிச்சுட்டு நாடக மேடை கட்டிடலாம்" என்று பேச்சு கிளம்பிவிட்டது.

நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து அதைத் தடுத்து, அரசுப் பணத்தில் பாதியும் ஊர்ப் பணத்தில் பாதியுமாகப் புதுப்பித்தோம். வேலை முடியப் பதினான்கு மாதம் ஆனது. அதில் ஐந்து மாதம் எங்கள் அறியாமையால் வீணானது. அந்த ஐந்து மாதத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது ஊராட்சிப் பகுதிகளுக்கான தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டம். பொதுவேலைக்கு ஊர்மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். ஊர்ப்பொதுச் சாவடி, களஞ்சியம், ஊருணிப் படித்துறை, பொதுக் கிணறு போன்றவற்றுக்கு இந்த வழியில் முயலலாம். உங்கள் சொந்த வீட்டுக்கோ, பங்காளிகளுக்குப் பொதுவான தொழுவத்துக்கோ இதில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. கோயிலுக்கும் இது வழியில்லை. அதற்கு அறநிலையத்துறையில் தனியாக நிதியுதவி உண்டு, அங்கே போங்கள். சாவடிக்குள்ளேயே ஒரு மாடத்தில் சாமி படம் இருந்தால் படிவத்தில் "சாவடி" என்று மட்டும் எழுதுங்கள். "கோயில் சாவடி" என்று யாராவது எழுதிவிட்டால் கோப்பு அந்த ஒரு சொல்லுக்காகவே திரும்பும்.

1. கட்டடம் எந்த நிலத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

பணம், தீர்மானம், எஸ்டிமேட் எல்லாம் அப்புறம். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அந்தப் புல எண்ணுக்கான அ-பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் பதிவேடு) நகலும் புலப்பட வரைபடமும் வாங்குங்கள். வருவாய்த்துறையின் இணையச் சேவையிலும் புல எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். "சர்க்கார் புறம்போக்கு" என்றோ "சாவடி" என்றோ இருந்தால் நல்லது.

"கிராம நத்தம்" என்று இருந்தால் அவசரப்படாதீர்கள். நத்தம் நிலவரித் திட்டத்தில் வீடு வீடாக அளந்து பட்டா கொடுத்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் பெயரில் சாவடியின் ஒரு பகுதியும் சேர்ந்து போயிருக்கலாம். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. சாவடியின் பின்சுவரிலிருந்து இரண்டடி, காலமாகிவிட்ட ஒருவர் பட்டாவில் இருந்தது. அவர் மகன்கள் நல்லவர்கள், எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் இது எஸ்டிமேட் போட்ட பிறகு தெரிந்ததால் மூன்று மாதம் போனது. முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

அடுத்து ஊராட்சியின் சொத்துப் பதிவேடு. அதில் சாவடி ஏறியிருக்கிறதா என்று செயலரைக் கேளுங்கள். ஏறாவிட்டால் தீர்மானம் போட்டு ஏற்றச் சொல்லுங்கள். ஊராட்சியின் சொத்து என்று காகிதம் இல்லாத கட்டடத்துக்கு எந்த அலுவலரும் கையெழுத்துப் போட மாட்டார். போடாததும் சரிதான்.

இன்னொரு சோதனை: மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஏதாவது அருகில் இருக்கிறதா? 2010-இல் திருத்திய சட்டப்படி, அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அதற்குள் இருந்தால், பழுதுபார்க்கவே தனியாக அனுமதி வேண்டும். தூணிலோ படியிலோ எழுத்து வெட்டியிருந்தால் அதன்மேல் வெள்ளையடிக்க விடாதீர்கள். படம் எடுத்து மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். எங்கள் சாவடிப் படிக்கல்லில் எழுத்து மாதிரி ஏதோ இருந்ததென்று பெரிதாகப் பேசிக்கொண்டோம். கழுவிப் பார்த்தால் யாரோ தாயக்கட்டம் கீறி வைத்திருந்தார்கள்.

2. கிராம சபைத் தீர்மானம்: தேதியைத் தவறவிட்டால் மாதக் கணக்கில் காத்திருப்பு

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நீங்கள் எப்போது தொடங்கினாலும், அடுத்து வரும் தேதியைக் குறித்துக்கொண்டு அதற்குள் நில ஆவணத்தை முடித்துவிடுங்கள்.

கூட்டத்துக்குக் குறைவெண் வரம்பு உண்டு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கும் மேல் 300 பேர். எங்கள் ஊராட்சிக்கு 100 பேர் வேண்டும். கையெழுத்து நோட்டில் 100 வந்ததா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள். "பழுதடைந்த சாவடியைச் சீரமைக்க" என்று மட்டும் எழுதினால், பின்னால் "சீரமைப்பு" என்ற பெயரில் இடித்துக் கட்டவும் அதே தீர்மானம் போதும். நாங்கள் எழுதியது: "கல்தூண், மரக்கூரை, ஓடு ஆகியவற்றின் பழைய அமைப்பு மாறாமல், சுண்ணாம்புக் கலவை கொண்டு புதுப்பிக்க, நமக்கு நாமே திட்டத்தில் எடுத்துச் செய்ய." இந்த ஒரு வரி பிறகு மூன்று இடத்தில் எங்களைக் காப்பாற்றியது. புல எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

ஊராட்சித் தலைவர் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவரோ தனி அலுவலரோ, அந்த நேரத்தில் யார் பொறுப்பில் இருக்கிறாரோ அவரைப் பாருங்கள். தனி அலுவலர் என்றால் ஒரு வசதி, உள்ளூர் அரசியல் குறைவு. ஒரு தொல்லை, பல ஊராட்சிகளுக்கு அவர் ஒருவரே.

3. எஸ்டிமேட்: சுண்ணாம்பா சிமென்ட்டா என்பது இங்கேதான் முடிவாகிறது

ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (ஊரில் எல்லோரும் பி.டி.ஓ. என்பார்கள்) மனுவும் தீர்மான நகலும் கொடுத்தால், ஓவர்சியரோ உதவிப் பொறியாளரோ வந்து அளப்பார். அவர் வரும் நாளில் ஊரில் வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். நாங்கள் முதல் தடவை இதைச் செய்யவில்லை.

விளைவைச் சொல்கிறேன். எங்களுக்கு வந்த முதல் எஸ்டிமேட்டில் கூரை முழுவதையும் பிரித்துவிட்டு இரும்புக் குழாயும் தகரமும். சுவருக்குச் சிமென்ட் பூச்சு. தரைக்கு டைல்ஸ். தூணுக்கு எனாமல் பெயின்ட். கல்தூணுக்கு எனாமல்! பொறியாளர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருக்கும் விலைப்பட்டியலில் அன்றாடம் புழங்குவது அவ்வளவுதான். ஒன்றியத்தில் வரும் வேலை எல்லாம் சிமென்ட் சாலை, கழிவுநீர் வாய்க்கால், அங்கன்வாடி. பழைய சுவர் கேட்டு யார் போனார்கள்?

சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசினால் என்ன ஆகும் என்பதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், கேட்பவருக்கெல்லாம் நீங்கள்தான் விளக்க வேண்டியிருக்கும். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று செங்கல்லை உப்பு அரித்துத் தின்னும். சில ஆண்டுகளில் பூச்சு தட்டு தட்டாக விழும், விழும்போது செங்கல் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும்.

இரண்டாவது முறை நாங்கள் எடுத்துப் போனவை: ஒவ்வொரு தூண், உத்திரம், மூலையின் புகைப்படம், எத்தனை பனங்கை கறையான் அரித்தது, எத்தனை நல்லது என்ற கணக்கு (மொத்தம் 44, மாற்ற வேண்டியவை 13), சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், மணல், பழைய ஓடு ஆகியவற்றுக்கு மூன்று இடங்களில் வாங்கிய விலைப்புள்ளி, கொத்தனார் எழுதிக் கொடுத்த கலவை அளவு. பட்டியலில் இல்லாத பொருளுக்குச் சந்தை விலைப்புள்ளி வைத்து விலை விகிதம் தயாரிக்கப் பொறியாளரால் முடியும். ஆனால் அது அவருக்குக் கூடுதல் வேலை. பாதி வேலையை நீங்கள் செய்து கொடுத்தால்தான் அவர் செய்வார். "அரசு வேலையில் சுண்ணாம்பெல்லாம் வராது சார்" என்றால், சென்னை சேப்பாக்கத்தில் ஹுமாயூன் மகாலைப் பொதுப்பணித் துறையே சுண்ணாம்பு கொண்டு புதுப்பித்திருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம். அவர் சிரித்தார், பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், அங்கேதான் தொகை வீங்கும். எங்கள் கணக்கு இது: வேலை மதிப்பு 8,00,000 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 1,44,000. தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், 8,000. எதிர்பாராச் செலவு, பெயர்ப் பலகை, புகைப்படம் எல்லாம் சேர்த்து 23,000. மொத்தம் 9,75,000. ஊரில் "எட்டு லட்சம் வேலை" என்று பேசி அதற்கேற்ப வரி போட்டு வைத்திருந்த எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஊர்க் கூட்டத்தில் தொகை சொல்வதாக இருந்தால் கடைசிப் பக்கத்துத் தொகையைச் சொல்லுங்கள்.

4. மூன்றில் ஒரு பங்கா, பாதியா?

பொதுமக்கள் பங்களிப்பாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு போட வேண்டும் என்பது திட்டத்தின் விதி. எங்கள் மதிப்பீட்டுக்கு அது 3,25,000 ரூபாய். ஊரே அதோடு நிறுத்தத்தான் விரும்பியது, இயல்புதான்.

நிறுத்தாதீர்கள். பாதியோ அதற்கு மேலோ நீங்கள் போட்டால், வேலையை நீங்களே செய்யலாம், அல்லது நீங்கள் காட்டும் ஆளை வைத்துச் செய்யலாம். பாதிக்குக் குறைந்தால் ஒப்பந்தப்புள்ளி கோரி ஒப்பந்ததாரரிடம் போகும். அவர் சுண்ணாம்பு நீற்றி, கடுக்காய் ஊறவைத்து, பதினைந்து நாள் காத்திருப்பாரா? எஸ்டிமேட்டில் சுண்ணாம்பு என்று எழுதியிருந்தாலும் ஒரு மூட்டை சிமென்ட் கலவைக்குள் போய்விடும். மேலே பூசிய பிறகு யார் தோண்டிப் பார்ப்பது?

ஆகவே 3,25,000-க்கும் 4,87,500-க்கும் இடையே உள்ள 1,62,500 ரூபாயைக் கூடுதல் செலவாக நினைக்க வேண்டாம். கொத்தனாரை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமைக்கான விலை அது. வழக்கமான சிமென்ட் வேலை, சுற்றுச்சுவர், கழிப்பறை என்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். பழைய கட்டடத்துக்கு மட்டும் சொல்கிறேன். பாதி திரட்ட முடியாவிட்டால், கட்டடம் முழுவதையும் எடுக்காமல் கூரையை மட்டும் சின்ன மதிப்பீடாகப் போட்டு, அதில் பாதியைத் திரட்டுங்கள். கூரை ஒழுகாமல் இருந்தால் மற்றதெல்லாம் காத்திருக்கும்.

5. பணம் திரட்டுவதும் டி.டி. எடுப்பதும்

முதலில் சங்கமாகப் பதிவு செய்யுங்கள், அல்லது ஏற்கெனவே பதிவான இளைஞர் மன்றம் இருந்தால் அதன் வங்கிக் கணக்கைப் பயன்படுத்துங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் பணம் வாங்காதீர்கள். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஊர் பேசும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில். அங்கேதான் ஒரு பெரிய குழி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தம்பி தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே ஊர்க்காரர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், அவர் தருவது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதற்கான பதிவு இல்லாத உங்கள் சங்கம் அதைத் தொடக்கூடாது. எங்கள் சித்தப்பா ஒருவர் 60,000 ரூபாய் அனுப்ப ஆசைப்பட்டார். "உங்க பாஸ்போர்ட் எந்த நாடு சித்தப்பா?" என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டு, வேண்டாமென்று சொல்லிவிட்டோம். கொஞ்ச நாள் வருத்தமாகத்தான் இருந்தார்.

இனி டி.டி. என்கிற வரைவோலை. இங்கேதான் நாங்கள் இரண்டு மாதம் இழந்தோம்.

யார் பெயருக்கு, எந்த ஊரில் மாற்றத்தக்கதாக எடுக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி எடுத்து, ஓர் எழுத்து மாறினாலும் திரும்பும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வங்கியில் ரொக்கம் கட்டி டி.டி. வாங்க முடியாது, கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும். அதனால் வசூலான ரொக்கத்தை முன்கூட்டியே கணக்கில் கட்டி வையுங்கள்.

அப்புறம், டி.டி.க்கு ஆயுள் மூன்று மாதம்தான். நாங்கள் ஜனவரியில் ஆர்வக்கோளாறில் எடுத்துக் கொடுத்துவிட்டோம். கோப்பு பட்டா விவகாரத்தில் திரும்பி வந்தது. சரிசெய்து மறுபடி அனுப்பியபோது ஏப்ரல் பாதி. டி.டி. காலாவதி. கோப்பிலிருந்து அதைத் திரும்ப வாங்க ஒரு மனு, வங்கியில் தேதி புதுப்பிக்க ஒரு மனு, புதுப்பித்ததை மறுபடி சேர்க்க ஒரு கடிதம். நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் சங்கத்தின் ஒப்புதல் கடிதத்தையும் கணக்கில் பணம் இருப்பதற்கான வங்கிச் சான்றையும் கொடுத்து, எஸ்டிமேட் முழுவதும் சரிபார்க்கப்பட்ட பிறகு டி.டி. கொடுக்கலாமா என்று கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால், நில ஆவணத்தில் ஒரு புள்ளிகூடக் குறையில்லை என்று உறுதியான பிறகே எடுங்கள்.

6. கோப்பு போகும் பாதை

ஒன்றிய அலுவலகத்திலிருந்து மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு, அங்கே திட்ட இயக்குநர் வழியாக மாவட்ட ஆட்சியரின் நிர்வாக அனுமதிக்கு. அதற்கு முன்னும் பின்னுமாகப் பொறியாளர்களின் தொழில்நுட்ப அனுமதி. நாங்கள் கொடுத்த ஆவணக் கட்டுக்குள் இருந்தவை: மனு, கிராம சபைத் தீர்மான நகல், அ-பதிவேட்டு நகல், புலப்பட வரைபடம், சொத்துப் பதிவேட்டு நகல், பட்டாதாரர் வாரிசுகளின் ஒப்புதல், எஸ்டிமேட், புகைப்படங்கள், சங்கப் பதிவுச் சான்று, பங்களிப்பு டி.டி., இந்த வேலை வேறு எந்தத் திட்டத்திலும் எடுக்கப்படவில்லை என்ற சான்று. கடைசியில் சொன்னது முக்கியம். ஊருணி, படித்துறை வேலை என்றால் நூறு நாள் வேலையில் முன்பே எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து, ஒரு தொகுப்பை உங்களிடமே வைத்திருங்கள். எங்கள் புகைப்படங்கள் இரண்டு முறை "காணாமல்" போயின.

காலக் கணக்கு இப்படி. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும். மாவட்டத்துக்கு வரும் ஒதுக்கீட்டில் இடம் பிடிக்க வேண்டுமானால் ஏப்ரல், மே மாதங்களிலேயே கட்டு முழுமையாக உள்ளே போயிருக்க வேண்டும். மார்ச் மாதத்தில் யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள், அங்கே எல்லோருக்கும் பில் போடும் அவசரம். தேர்தல் அறிவித்து நடத்தை விதிகள் வந்துவிட்டால் புது வேலைக்கு அனுமதி நின்றுவிடும்.

கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். அதுவும் பலிக்காவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதை எடுத்தவுடனே போடாதீர்கள். நான் கோபத்தில் ஒன்று போட்டேன். பதில் வருவதற்குள் கோப்பே நகர்ந்துவிட்டது, ஆனால் அதுவரை டீ சொல்லி உட்கார வைத்த எழுத்தர் அதன்பின் ஆறு மாதம் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

7. வேலை

அனுமதி ஆணை கையில் வந்த நாளே வேலையைத் தொடங்காதீர்கள். சுண்ணாம்பைத் தொடங்குங்கள். நீற்றிய சுண்ணாம்பு குழியில் குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கடியில் ஊற வேண்டும். எங்கள் கொத்தனாருக்கு எழுபது வயதுக்கு மேல். தினமும் காலையில் வந்து கரண்டியால் கொஞ்சம் வழித்து எடுத்து, சாய்த்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டிருந்தால் "இன்னும் பச்சை" என்று போய்விடுவார். பதினேழாவது நாள் அது வெண்ணெய் மாதிரி வழுக்கி விழுந்தது. அன்றுதான் ஆள் கூப்பிடச் சொன்னார். கடுக்காயும் வெல்லமும் தனித் தொட்டியில் ஊறிப் புளித்த வாடை தெரு முழுக்க. மாடுகள் எல்லாம் அந்தப் பக்கமே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன.

ஓட்டைப் பிரிக்கும்போது மேலிருந்து தூக்கிப் போட விடாதீர்கள். கைமாற்றிக் கைமாற்றி இறக்கினால் பெரும்பாலானவை மறுபடி பயன்படும். எங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு தேறியது. மீதிக்கு, இடிந்த வீடுகளின் ஓட்டை விலைக்கு வாங்கினோம். பழைய கதவு, நிலை, தூண் எதையும் இரவில் வெளியே போட்டு வைக்காதீர்கள். இவற்றைத் தேடிக்கொண்டே ஊர் ஊராகச் சுற்றும் பழம்பொருள் வியாபாரிகள் உண்டு. எங்கள் இருட்டறைக் கதவுக்கு ஒருவர் மூன்று முறை வந்து விலை கேட்டார்.

சுண்ணாம்பு வேலையை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடுங்கள். அக்டோபரில் பூசினால் காயாமல் கரையும். வெயில் கொளுத்தும் நாளிலோ, பூசிய சுவர்மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாக இறுக விட வேண்டும். சாக்கை நனைக்க ஒரு ஆள் கூலி தனியாக எஸ்டிமேட்டில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். எங்களுடையதில் இல்லை.

8. பில்

யாரும் சொல்லாத விஷயம் இது: உங்கள் பாதிப் பணம் ஏற்கெனவே அரசுக் கணக்குக்குப் போய்விட்டது. வேலை தொடங்கும்போது சங்கத்தின் கணக்கு காலி. வேலை நடந்து, பொறியாளர் வந்து அளந்து, அளவுப் புத்தகத்தில் (அலுவலகத்தில் எம்-புக் என்றால்தான் தெரியும்) பதிந்து, மேலதிகாரி சரிபார்த்த பிறகே முதல் தவணை வரும். அதுவரை கூலியும் பொருளும் யார் கொடுப்பது? நாங்கள் திருவிழாக் கணக்கிலிருந்து 1,50,000 ரூபாய் கைமாற்று வாங்கித்தான் ஓட்டினோம். இதை ஊர்க் கூட்டத்தில் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வேலை பாதியில் நிற்கும்போது கேட்டால் சண்டைதான் வரும்.

மூடிப்போகும் வேலைகளை, அதாவது அடிப்பூச்சு, ஓட்டுக்குக் கீழே மாற்றிய பனங்கை போன்றவற்றை, மூடுவதற்கு முன் அளக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஓடு வேய்ந்த பிறகு "13 பனங்கை மாற்றியதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். நல்லவேளை, பிடுங்கிப் போட்ட பழைய பனங்கைகளை யாரும் விறகுக்கு எடுத்துப் போகவில்லை. எண்ணிக் காட்டினோம். கடை பில்களில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். சுண்ணாம்புக் காளவாய்க்காரரிடம் அப்படி ஒன்று கிடைக்காது என்பதால் கையெழுத்திட்ட ரசீதும் அவர் ஆதார் நகலும் வாங்கி வைத்தோம். கேள்வி கேட்டுவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். பில் தொகையில் பிடித்தங்கள் போகும், எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசித் தவணை எங்களுக்கு வேலை முடிந்து மூன்று மாதம் கழித்து வந்தது.

9. ஒப்படைத்த பிறகு

முடிந்ததும் கட்டடம் ஊராட்சியிடம் எழுத்து மூலம் ஒப்படைக்கப்படும். பெயர்ப் பலகையைத் தூணில் துளை போட்டு மாட்ட வருவார்கள். தனிக் கம்பம் நட்டு வைக்கச் சொல்லுங்கள். மின்விளக்கு போடுபவரும் அப்படித்தான், சுவரைக் கொத்தாமல் உத்திரத்தின் ஓரமாக ஒயரை இழுக்கச் சொல்லி ஆள் நிறுத்துங்கள். அடுத்த ஆண்டு யாராவது நல்லெண்ணத்தில் பிளாஸ்டிக் பெயின்ட் டப்பாவோடு வருவார். சுவர் மூச்சுவிடுவதை அதுவும் சிமென்ட் போலவே அடைத்துவிடும், வாங்கி வேறு கட்டடத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, தை பிறப்பதற்கு முன், சுண்ணாம்பு அடிக்கவும் விலகிய ஓட்டைச் சரிசெய்யவும் ஒரு தொகை ஒதுக்கி ஊராட்சியில் தீர்மானம் போட்டு வையுங்கள். மீந்த சுண்ணாம்பைக் கொட்டிவிடாதீர்கள். குழியிலேயே தண்ணீர் நிற்க விட்டு மூடி வைத்தால் எத்தனை மாதமானாலும் கெடாது. எங்களுடையது இப்போதும் சாவடிக்குப் பின்னால் இருக்கிறது, குழந்தைகள் விழாமல் மேலே ஒரு பலகைக் கல் போட்டிருக்கிறோம்.